சத்தம் எங்களுடையது

மத்திய சர்க்காரில் முப்பத்தாறு வருஷம் கோப்பு தள்ளி ஓய்வு பெற்ற கஸ்தூரிரங்கனைப் பற்றி ஆபீசில் ஒரு வாய்ப்பாடு உண்டு. அவர் எதைச் சொன்னாலும் எட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் நானூறு பேர் என்றால் ஐம்பது பேர். வீட்டில் நாய் சைஸுக்கு எலி என்றால் எலி சைஸுக்கு எலி. இது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் எல்லாவற்றையும் எட்டால் பெருக்கிச் சொன்னார். இல்லாவிட்டால் கேட்கிறவனுக்குச் சரியான கணக்கு எப்படிப் போய்ச் சேரும்?

பெருக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் இப்போது கஷ்டம். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, முனிர்கா சந்து ஒன்றில் மூன்றாம் மாடி அறைக்குக் குடிவந்த மறு வருஷமே மனைவி வசுமதி போய்ச் சேர்ந்தாள். குழந்தைகள் இல்லை. அவள் போனது தொண்ணூற்றெட்டில். இப்போது இரண்டாயிரத்து நாலு, ஜனவரி. டெல்லிக் குளிர் உச்சத்தில் இருந்தது. அறையில் அவரும் ஒரு ஹீட்டரும். அவர் பேசினால் ஹீட்டர் "உம்" என்னும். பேசாவிட்டாலும் "உம்" என்னும்.

அந்த மாதம் ஒரு நாள் காலையில் காபிக்குப் பால் வைத்துவிட்டு நின்றபோது, வசுமதி சொல்வது ஞாபகம் வந்தது. 'பால் பொங்கறது, பராக்குப் பார்த்துண்டு நிக்கறேளே!' வார்த்தை முழுசாக வந்தது. குரல் வரவில்லை. மறுபடி நினைத்துப் பார்த்தார். அச்சடித்த மாதிரி எழுத்தெழுத்தாக வந்து நின்றது. சத்தம் மட்டும் இல்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

போட்டோ இருக்கிறது, அலமாரி நிறைய. குரல் எங்கே இருக்கிறது? கட்டிலுக்கடியில் நூற்றுப் பதினோரு காசெட்டுகள் இருந்தன. (வகுக்க வேண்டாம், இது நிஜக் கணக்கு.) எல்லாம் ரேடியோவில் வந்த கச்சேரிகளை அவரே பதிவு செய்தவை. பதிவு நடக்கும்போது வசுமதி சமையலறையிலிருந்து வாயைத் திறந்தால் "உஷ்!" என்று அடக்கிவிடுவார். பத்து நாள் உட்கார்ந்து அத்தனையையும் போட்டுக் கேட்டார். எழுபத்திரண்டாவது காசெட்டில், ஒரு ஆலாபனைக்கு நடுவில் தெளிவாக ஒரு குரல் கேட்டது. "உஷ்!" அவருடைய குரல்தான்.

பதினோராம் நாள், இட்லி வாங்கப் போன மெஸ்ஸின் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தார். எதிரே இருக்கும் பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர்கள் பொங்கல் விழாவுக்காக ஒட்டியது.

'பிய்ச்சு உதறல்! ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி. உலகத்தின் மகா மட்டமான தமிழ்ப் படம் திரையில் ஓடும். வசனம், வசவு, சத்தம் எல்லாம் எங்களுடையது. வயிறு வலித்தால் நாங்கள் பொறுப்பல்ல. படம்: பங்குனி வெயிலே பதில் சொல்.'

கஸ்தூரிரங்கனின் கையிலிருந்த இட்லிப் பொட்டலம் நழுவியது. சாம்பார் போன தூரம் ஆக்ரா வரைக்கும் என்று பிறகு சொல்லியிருப்பார், சொல்ல ஆள் இருந்திருந்தால்.

அந்தப் படத்தை எடுத்தவன் ஜம்பு. மந்திரி ஆபீஸ்களுக்கெல்லாம் கேண்டீன் நடத்தியவன். ஐம்பது வயதில் அவனுக்குக் கதாநாயகன் ஆகும் ஆசை வந்தது. கேண்டீனை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக்குப் போக முடியாது. ஆகவே டெல்லியிலேயே கும்பகோணம் பக்கத்து கிராமக் கதையை எடுத்தான். கதைப்படி பங்குனி மாதம். எடுத்தது எண்பத்தொன்று டிசம்பர் கடைசியில். கிட்வாய் நகர்த் தமிழ்க் குடும்பங்கள்தான் ஊர் ஜனங்கள். வசுமதி குழாயடியில் நிற்கும் கிராமத்துப் பெண். அவளுக்கு ஒரே ஒரு வசனம். கதாநாயகன் வந்து, "தங்கச்சி, இந்தக் குடத்தைக் கொஞ்சம் பாத்துக்க" என்பான். "ஆகட்டும் அண்ணே" என்று அவள் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. காபி கொண்டா என்றால் "ஆகட்டும் அண்ணே." கதவைச் சாத்து என்றால் "ஆகட்டும் அண்ணே." "புருஷனை அண்ணேங்கறியே, இது அடுக்குமோடி?" என்று அவர் அலறினால், அதற்கும் "ஆகட்டும் அண்ணே."

காமிரா ஓடியபோது, பதினேழு வருஷ டெல்லி வாசம் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜம்பு குடத்தைக் காட்டி வசனம் பேசினான். வசுமதி தலையை அழகாக ஆட்டி, "அச்சா" என்றாள்.

ஃபிலிம் சுருள் கைவசம் இல்லாததால் ஜம்பு மறுபடி எடுக்கவில்லை; டப்பிங்குக்கும் காசில்லை. படம் ஒரே ஒரு ஞாயிறு காலைக் காட்சிதான் ஓடியது. 'அச்சா' வந்ததும் தியேட்டரே வெடித்தது. எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவர் கஸ்தூரிரங்கன். ஆபீசில் போய் நடித்துக் காட்டியவரும் அவர்தான். வசுமதி நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "இனிமே இந்தாத்துல அந்தப் படத்தோட பேரை எடுக்கப்படாது" என்றாள். அவளுக்கு எட்டு வாய்ப்பாடு கிடையாது. சொன்னால் சொன்னதுதான்.

அந்த 'அச்சா'தான் இப்போது உலகத்தில் மிச்சமிருந்த வசுமதியின் குரல்.

*

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கே போய்விட்டார். குரங்குக் குல்லாய், மப்ளர், கோட்டு. வாசலில் சுபாஷிணி என்ற பெண் நின்றிருந்தாள். மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். தமிழைப் பேசிவிடுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள்.

"ஆயியே அங்கிள், உள்ள உக்காருங்க. குளிர்ல இன்னும் யாரும் வரல. பயங்கர டண்டு!"

"இந்தப் படத்தோட சரித்திரம் தெரியுமோம்மா உனக்கு?" என்று கஸ்தூரிரங்கன் ஆரம்பித்தார். ஆறு வருஷத்துப் பேச்சு அணை உடைத்துக்கொண்டு வந்தது. "ஷூட்டிங்குக்கு வந்த கூட்டத்துல ரிங் ரோடே ரெண்டு நாள் நின்னுபோச்சு. தியேட்டர்ல ஜனங்க சிரிச்ச சிரிப்புல கூரை அப்படியே பேந்து விழுந்தது. ஒரு சர்தார்ஜி சிரிச்சுண்டே போனவர், அம்பாலா தாண்டித்தான் நிறுத்தினாராம்."

"ஹாய் ராம்! நிஜமாவா அங்கிள்?"

"நான் பொய் சொல்வேனா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்த கேசட் அருள்ராஜுக்கு தரியாகஞ்ச் சண்டே பஜார்ல கெடச்சுது. ஒரே ஒரு காப்பிதான்."

அருள்ராஜ் ஆராய்ச்சி மாணவன், திருநெல்வேலிப் பக்கம். மேடையில் வீடியோ பெட்டிக்கு ஒயர் செருகிக்கொண்டிருந்தான். கஸ்தூரிரங்கன் மேடையருகில் போய், "ஏம்பா, நோட்டீஸ்ல சத்தம் எங்களுடையதுன்னு போட்டிருக்கே, படத்தோட சத்தம் வராதா?" என்று கேட்டார்.

"வராது சார். சத்தத்த அடச்சிருவோம். நானும் சுபாவும் மைக்ல வசனம் பேசுவோம். அதான ஷோவே!"

"ஒரு சீனுக்கு மட்டும்..."

"சவுண்ட தொறந்துட்டா எங்களுக்கு என்ன சோலி சார்? போய் உக்காருங்க, சிரிச்சுட்டுப் போங்க."

முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஹால் நிரம்பியது. எண்பது பேர் இருப்பார்கள். அவர் மனசுக்குள் அறுநூற்று நாற்பது என்று குறித்துக்கொண்டார். விளக்கு அணைந்தது.

சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். திரையில் ஜம்பு கொளுத்தும் பங்குனி வெயிலில் நெற்றி வியர்வையைத் துடைத்தான்; வாயிலிருந்து குப்குப்பென்று புகை வந்தது.

"யாத்தி, மாப்பிள்ள உள்ளுக்குள்ள கரி எஞ்சின் ஓடுதுலே!" என்றான் அருள்ராஜ் மைக்கில்.

கும்பகோணத்து வயல் என்று மஞ்சள் மஞ்சளாகக் கடுகு பூத்திருந்தது. வயலுக்குப் பின்னால் குதுப்மினார்.

"ஊர்க் கோயில் கோபுரம் ஏங்க இவ்ளோ இளைச்சுப் போச்சு?" இது சுபாஷிணி, கதாநாயகி குரலில்.

"டயட்ல இருக்கு கண்ணே."

மாட்டுவண்டிக்கு முன்னால் டெல்லி டி.டி.சி. பஸ் ஒன்று குறுக்கே போனது. கதாநாயகியின் ரவிக்கைக் கைக்குக் கீழே ஸ்வெட்டர் எட்டிப் பார்த்தது. ஹால் உருண்டது. கஸ்தூரிரங்கனும் சிரித்தார். வெளிச்சத்தில் பார்த்தால் வேறு மாதிரி தெரிந்திருக்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். முக்கால் மணிக்கு மேல் ஆகிவிட்டது. பஞ்சாயத்து சீன் முடிந்தால் குழாயடி.

எழுந்து நின்றால் அவளை மறுபடியும் சந்தியில் நிறுத்த வேண்டும். எழாவிட்டால் சுபாஷிணியின் குரலில் வசுமதி பேசிவிட்டுப் போய்விடுவாள்.

எழுந்தார்.

"நிறுத்துங்கோ!" என்றார். படம் நின்றது. எண்பது தலையும் திரும்பியது. "நீங்க ரெண்டு பேரும் பேசறதெல்லாம் ஒரு தமாஷா? அடுத்த சீன்ல ஒரு பொம்மனாட்டி வருவா. அவ ஒரு வார்த்தை சொல்லுவா. உங்க மொத்த ஷோவும் அந்த ஒரு வார்த்தைக்கு உறை போடக் காணாது. சவாலா சொல்றேன். சத்தத்தைத் திறந்து போடுங்கோ. ஹால் இடிஞ்சு விழல்லேன்னா என் குல்லாயை நான் சாப்பிடறேன், சட்னி இல்லாம!"

ஹால் விசிலடித்தது. "தாத்தா கேக்கறாருல்ல, தொறலே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அருள்ராஜ் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினான்.

குழாயடி. பருத்திப் புடவையில் வசுமதி, முப்பத்தெட்டு வயசு, இடுப்பில் குடம். ஜம்பு வந்தான். கரகரவென்று சத்தம் திறந்தது.

"தங்கச்சி, இந்தக் குடத்தைக் கொஞ்சம் பாத்துக்க."

வசுமதி தலையை ஆட்டினாள். வாய் அசைந்தது. 'அ' வரைக்கும்தான் அவருக்குக் கேட்டது. அதற்குள் ஹால் வெடித்துவிட்டது. மேஜையைத் தட்டினார்கள், காலை உதைத்தார்கள், ஒருவன் நாற்காலியோடு சாய்ந்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அதே சிரிப்பு, அதே இடத்தில். குல்லாய் தப்பியது. குரல் தப்பிவிட்டது.

"ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார் கஸ்தூரிரங்கன்.

"ஒன்ஸ் மோர்!" என்றது ஹால்.

நாடா கிர்ரென்று பின்னால் ஓடியது. மறுபடி குடம், மறுபடி தலையாட்டல். இந்தத் தடவை 'அ'கூடக் கேட்கவில்லை. முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் தடவை ஹால் முழுக்க அவளோடு சேர்ந்து "அச்ச்ச்சா!" என்று பாடியது. நாலாம் தடவை கை தட்டித் தாளம் போட்டார்கள்.

"சார், டேப் ரொம்பப் பழசு" என்றான் அருள்ராஜ்.

"சிரிச்சு முடியட்டும்பா. ஒன்ஸ் மோர்!"

ஐந்தாம் தடவை, 'அச்சா'வுக்குப் பிறகு அவள் காமிரா பக்கம் திரும்பிக் கையை நீட்டுவதைச் சுபாஷிணி கவனித்தாள். "அரே, யாரைக் கூப்பிடறாங்க? கேமராமேனையா?" அதற்கு ஒரு சிரிப்பு. ஆறாம் தடவை பாதிப் பேர்தான் பாடினார்கள். ஏழில் நாலைந்து பேர். எட்டில் யாரோ ஒருவன் "அச்சா" என்றுவிட்டு, துணை இல்லாததால் கூச்சப்பட்டு இருமினான்.

"தாத்தா, போதும் தாத்தா!" என்றது பின்வரிசை. "படத்த போடுலே!"

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார். குரல் கெஞ்சலாக வந்ததை அவரே கவனித்தார். "கடைசி. சத்தியமா கடைசி."

ஒன்பதாம் தடவை. ஹாலில் தமாஷ் செத்துவிட்டது. ஒருத்தி கொட்டாவி விட்டாள். ஒருவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். எவரும் சிரிக்கவில்லை, எவரும் பேசவில்லை.

"அச்சா" என்றாள் வசுமதி.

கொஞ்சம் மூக்கில் வரும் குரல். முதல் எழுத்தில் ஒரு சின்ன இழுப்பு, கடைசியில் ஒரு சிரிப்பு மிச்சம். இதுதான். இதுவேதான். பால் பொங்கறது, பராக்குப் பார்த்துண்டு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இந்தக் குரலில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

அதோடு முடியவில்லை. அவள் காமிரா பக்கம் திரும்பிக் கையை நீட்டியபோது இன்னொரு வார்த்தை வந்தது. மெதுவாக, வசனத்தில் இல்லாத வார்த்தை. எடிட் செய்யத் தெரியாத ஜம்பு வெட்டாமல் விட்ட வார்த்தை. இருபத்திரண்டு வருஷமாகச் சிரிப்பு மூடிவைத்திருந்த வார்த்தை.

"குளிர்றதுன்னா."

ஹாலில் வேறு யாருக்கும் அது காதில் விழவில்லை. ஸ்வெட்டர் அன்றைக்கு அவர் கையில் இருந்தது. காமிராவுக்குப் பின்னால் நின்று, லைட் பிடிக்கிற ஆளிடம், வசுமதியை மெட்ராஸ் ஸ்டுடியோக்காரர்கள் பதினாறு தடவை கூப்பிட்டும் அவர் அனுப்பவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். திரையில் அந்தக் கை நீட்டியபடியே இருந்தது, காட்சி மாறுகிற வரைக்கும்.

"சார், போதுமா?" என்று கேட்டான் அருள்ராஜ்.

கஸ்தூரிரங்கன் பதில் சொல்வதற்குள் வீடியோ பெட்டி பதில் சொன்னது. உள்ளே ஏதோ நறநறவென்று அரைபட்டது. திரை நீலமானது.

"போச்சு! டேப்ப தின்னுட்டுலே மிஷின்!"

*

மிச்ச ஷோவை வேறு ஏதோ காசெட் போட்டு ஒப்பேற்றினார்கள். நாலரைக்கு ஹால் காலியாகிவிட்டது. பெட்டியைக் கழற்றி எடுத்த நாடா, பழுப்பு நிறத்தில் ஒரு கூடை சேமியா மாதிரி மேஜைமேல் கிடந்தது. அங்கங்கே கசங்கி, இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. "இது இனி ஓடாது சார்" என்று சொல்லிவிட்டு அருள்ராஜ் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனான்.

"நான் எடுத்துக்கலாமாம்மா?" என்று கேட்டார் கஸ்தூரிரங்கன்.

"எடுத்துக்கோங்க அங்கிள். இனி குப்பைதான், கூடேமேதான் போடணும்" என்றாள் சுபாஷிணி. அவர் அதை அள்ளிக் கோட்டுப்பைக்குள் திணிப்பதைப் பார்த்துவிட்டு, "அப்படி இல்ல, சிக்காயிடும். நான் பிடிக்கறேன், நீங்க சுத்துங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

அவர் திகைத்துப் போனார். டெல்லியில் ஒவ்வொரு குளிர்காலமும் ஆபீஸ் புல்தரையில் மத்தியான வெயிலில் பெண்கள் கம்பளி பின்னுவார்கள். லீவு நாளில் வசுமதி மாடியில் பின்னுவாள். நூல் சிட்டத்தை மாட்டிக்கொண்டு இப்படிக் கையை நீட்டி உட்கார்ந்திருப்பது அவர். உருண்டை சுற்றுவது அவள். கை ஆடினால் அதட்டுவாள்.

நாடாவைச் சுபாஷிணியின் கைகளில் மாட்டி, காசெட் டப்பாவில் ஒரு முனையைச் சொருகிச் சுற்ற ஆரம்பித்தார்.

"அங்கிள், அந்தம்மா எதுக்குக் கையை நீட்டினாங்க? உங்களுக்குத் தெரியுமா?"

"ஸ்வெட்டருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்வெட்டர் என் கையில இருந்தது. அவ என் ஆத்துக்காரி."

சுபாஷிணி கண்ணை அகலமாக விரித்து அவரைப் பார்த்தாள். பிறகு பொத்துக்கொண்டு சிரித்தாள். "அங்கிள், பஸ், போதும்! கூரை விழுந்துது, சர்தார்ஜி அம்பாலா போனாரு, இப்போ ஹீரோயின் உங்க வைஃபா?"

"ஹீரோயின் இல்லேம்மா. குழாயடில நிக்கறவ."

"நீங்கதான் எங்க ஷோவுக்கு வந்து பேசணும். அருள்ராஜ் எல்லாம் வேஸ்ட்!"

"நான் சொல்றதை எட்டால வகுத்துக்கணும்மா. ஆபீஸ்ல அப்படித்தான் பண்ணுவா."

"அச்சா? அப்போ வைஃபையும் எட்டால வகுக்கணுமா?"

நல்ல ஜோக். கஸ்தூரிரங்கனே சொல்லியிருக்க வேண்டியது. உடம்பு குலுங்கச் சிரித்தார். கை ஆடி, நாடா ஒரு சுற்று நழுவியது. அவள் அதட்டவில்லை.

அவளுடைய மொபைல் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "அச்சா, அச்சா, ஆத்தீ ஹூம்" என்றாள். "மம்மி. அங்கிள், நான் போணும், ஸாரி. இதை இங்க மாட்டட்டா?"

நாடாவைத் தன் கைகளிலிருந்து கழற்றி, ஒரு நாற்காலி முதுகில் கவனமாக மாட்டினாள். வாசல் வரை போய்த் திரும்பி, "குல்லா போட்டுக்கோங்க, வெளில பயங்கர டண்டு" என்றாள். போய்விட்டாள்.

கஸ்தூரிரங்கன் நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கசங்கிய இடம் வந்தால் கட்டைவிரலால் நீவிவிட்டார். அறுந்த இடத்தில் இரண்டு முனையையும் சேர்த்து மெல்லிசாக முடிச்சுப் போட்டார். எந்த முழத்தில் அவள் இருக்கிறாள் என்று தெரியவில்லை. எல்லா முழத்தையும் ஒரே மாதிரி பார்த்துச் சுற்றினார்.

சௌகிதார் வந்து சாவிக்கொத்தை ஆட்டினான். "பாபூஜி, ஹால் பந்த் கர்னா ஹை."

"பாஞ்ச் மினட்" என்றார் கஸ்தூரிரங்கன்.

அவன் ஆபீஸ் ஆள் இல்லை, வாய்ப்பாடு தெரியாது. வாசல் படியில் பீடியைப் பற்றவைத்துக் காத்திருந்தான். அந்த ஐந்தை மட்டும் எட்டால் பெருக்க வேண்டியிருந்தது.